திறக்கக் கூடாத பெட்டி

ஆகஸ்ட் 18, திங்கள்

மங்கை அச்சகத்தின் கணினி இன்று முற்பகலில், ஒரு காதணி விழா அழைப்பிதழில் “தாய்மாமன்” என்ற சொல்லை நான் அடித்துக்கொண்டிருந்தபோது, அணைந்தது. பலமுறை முயன்றும் எழவில்லை. எத்தனையோ பேருக்கு இதே கணினியில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடித்தவள் என்ற முறையில், அதன் மறைவை முறைப்படி இங்கே பதிவு செய்கிறேன்.

உரிமையாளர் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி வந்து பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

“என்ன செண்பகம், போயிருச்சா?”

“போயிருச்சு அண்ணாச்சி.”

“சரி, புதுசு ஒன்னு வாங்கிருவோம். எது நல்லதுன்னு நீயே விசாரிச்சுச் சொல்லு. எனக்கு அதுல என்ன தெரியும்?”

அவருடைய மகன் நிரஞ்சன் கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினான். “சின்னதாப் பாருங்கக்கா. டிபன் பாக்ஸ் கணக்கா வருதுல்ல, அது. பெருசுக்கு இங்க எடம் கெடையாது.”

உண்மைதான். கோப்பைகளிலும் பனியன்களிலும் புகைப்படம் அச்சிட்டுத் தரும் புதிய தொழிலுக்காக, கடையின் முன்பகுதியில் பாதியை அவன் கண்ணாடி வைத்து அடைத்துவிட்டான். என் மேசையின் அகலம் குறைந்துவிட்டது. சன்னலோரம் மட்டும் எனக்கு எஞ்சியிருக்கிறது.

இந்தப் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டதில் வியப்பில்லை. நான் எட்டாம் வகுப்பு வரை மட்டுமே பயின்றவள். கணினியை எவரும் எனக்குக் கற்பித்ததில்லை. அட்டை மடிக்க வந்த நான், அன்றைய தட்டச்சாளர் மதிய உணவுக்குச் செல்லும் இடைவேளைகளில் அவருடைய நாற்காலியில் அமர்ந்து நானாகவே கற்றேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இக்கடையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு சொல்லும் என் விரல் வழியே சென்றிருக்கிறது.

சித்திரை மாதத்தில் நிரஞ்சன் ஒரு சொல் சொல்லியிருந்தான்: “பிளெக்ஸ் டிசைன இனி மதுரைக்குக் குடுக்க வேண்டாம்க்கா. நம்மளே பண்ணுவோம். நீங்கதான் பாக்கணும்.” அன்று முதல் கைப்பேசியில் வடிவமைப்புக் காணொளிகளைப் பார்த்துப் பயின்று வருகிறேன். அந்த வேலைக்கு வலுவான கணினி வேண்டும். ஆகவே இப்போது வாங்கப்படவிருப்பது எனது அடுத்த பத்தாண்டு.

ஆகஸ்ட் 20, புதன்

குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை. எரிவாயு உருளை வந்தது. ரேஷனில் பருப்பு இல்லை. அச்சகத்தில் வேலையின்றி உறைகளை அடுக்கினேன்.

ஆகஸ்ட் 23, சனி

புதுரோட்டில் உள்ள கணினிக் கடைக்கு நேரில் சென்றேன். கடைக்காரர் பெயர் இளவரசு. இரண்டு சிறு மேசைக் கணினிகளை எடுத்துக் கண்ணாடி மீது வைத்தார். இரண்டும் வெற்றிலைப் பெட்டி அளவே இருந்தன.

“இது பத்தொம்பதாயிரம்க்கா. அது முப்பத்தோராயிரம். ரெண்டும் வேல பாக்கும்.”

“பிறகு ஏன் இந்த வித்தியாசம்?”

அவர் விலை உயர்ந்ததன் பின்புறத் திருகைக் கையாலேயே கழற்றினார். மூடி, தீப்பெட்டியின் உட்கூடு போல வழுக்கி வந்தது. நினைவகத் துண்டு செருகுவதற்கு உள்ளே இரண்டு இடங்கள். ஒன்றில் துண்டு இருந்தது, மற்றது காலியாக இருந்தது. கூடுதல் சேமிப்பகத்திற்கும் ஓர் இடம் விடப்பட்டிருந்தது. வேலை கூடும்போது துண்டுகளை மட்டும் வாங்கிச் செருகினால் போதுமாம்.

மற்றதை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். மேற்புறத்தில் வரிசையாகத் துளைகள். இரு பாகங்களும் சேருமிடத்தில் ஒரு வெள்ளி நிற ஒட்டுத்தாள்.

“இதத் தொறக்க முடியாதா?”

“தொறக்கக் கூடாதுக்கா. ஸ்டிக்கர் கிழிஞ்சா வாரண்டி போயிரும்.”

“உள்ள எப்படி இருக்கும்?”

“யாரு பாத்தா? வந்தபடி விக்கோம்.”

தான் விற்கும் பொருளைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. எனக்கோ உடனே தெளிவாயிற்று. நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்திருக்கிறார்கள்; இனி ஒரு துண்டும் சேர்க்கவியலாது. முத்திரையிட்டு மூடியதற்கு வேறு என்ன நோக்கம் இருக்க முடியும்?

வீட்டில் இதை விளக்கியபோது என் கணவர், மினி பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்பிலும், சிரித்தார்.

“ஒரு ஸ்க்ரூ கழட்டுறதுக்கா பன்னெண்டாயிரம் கூடக் கேக்கான்? நம்ம பஸ்ல எல்லா ஸ்க்ரூவும் தானாவே கழலுது. அதுக்கு எவ்வளவு குடுப்பான்னு கேட்டுச் சொல்லு கலெக்டரம்மா.”

இவருடன் தொழில்நுட்பம் பேசுவதில் பயனில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தேநீர் வேளையில் அண்ணாச்சியிடமும் நிரஞ்சனிடமும் எனது முடிவை எடுத்துரைத்தேன்.

விலையை மட்டும் பார்த்தால் மூடிய பெட்டியே மலிவு. ஆனால் அது வாங்கிய அன்றைக்கே தன் முழு வளர்ச்சியையும் அடைந்துவிட்ட பொருள். மென்பொருள்கள் ஆண்டுதோறும் பெரிதாகின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளில் அது மூச்சுத் திணறும். அப்போது அதைச் சீர்செய்ய வழியில்லை, தூக்கி எறிந்துவிட்டு மீண்டும் முழு விலை கொடுக்க வேண்டும். திறக்கக்கூடியதோ, நாம் வளரும் அளவுக்குத் தானும் வளரும். நாளைக்கு என்ன வேலை வரும் என்பதை இன்றே அறியாத கடைக்கு, அந்தக் காலி இடம்தான் உண்மையான மதிப்பு. அதிகம் கொடுக்கும் தொகை அந்த இடத்திற்காகவே.

அண்ணாச்சி வடையைப் பிட்டுக்கொண்டே தலையாட்டினார். “என்னமாப் பேசுதா பாத்தியாடா. வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் இவ.”

நிரஞ்சன் மட்டும் கூர்ந்து கேட்டான். “அப்ப அந்தச் சின்ன வெலப் பெட்டி எதுக்குமே ஆகாதாக்கா?”

“அப்படிச் சொல்ல முடியாது.”

“வெறும் டைப்பிங் மட்டும் பாக்குற ஆளுக்கு?”

நியாயமான வினா. ஒருதலையாகப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. தட்டச்சு மட்டுமே எனில் மூடியதே போதும் என்றேன். வளரப்போகாத வேலைக்கு எதற்குக் காலி இடம்? இருக்கிறவரை ஓடட்டும், நின்றால் விட்டுவிடலாம்.

“சூப்பர்க்கா. தெளிவாச் சொல்லிட்டீங்க.”

மனநிறைவான நாள்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. விடுமுறை. கொழுக்கட்டையில் பூரணம் சற்று இளகிவிட்டது. தேங்காயின் குறை.

செப்டம்பர் 3, புதன்

கணினி வந்தது. ஒன்றல்ல, இரண்டு. நான் விளக்கிய வகைக்கு ஒன்றாக.

மூடிய பெட்டி முன்புறக் கோப்பைக் கடைக்கு, இரசீது அடிப்பதற்காக வாங்கப்பட்டிருக்கும் எனக் கருதினேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தபோது என் சன்னலோர நாற்காலியில் ஓர் இளம்பெண் அமர்ந்திருந்தாள். திறக்கக்கூடிய கணினி அவள் முன்னே இருந்தது.

“அக்கா, இது மோனிஷா. சாத்தூர்ல இருந்து வாராங்க. டிசைன் கோர்ஸ் முடிச்சவங்க” என்றான் நிரஞ்சன்.

“ஹாய் ஆன்ட்டி” என்றாள் அவள்.

என் மேசை பின்கட்டுக்கு, தாள் வெட்டும் இயந்திரத்தின் அருகே, நகர்த்தப்பட்டிருந்தது. அதன் மீது மூடிய பெட்டி. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் போலும். நிரஞ்சன் பின்னாலேயே வந்தான்.

“என்னக்கா, நீங்கதான சொன்னீங்க, டைப்பிங்குக்கு இது போதும்னு? நீங்க சொன்னபடியே வாங்கியாச்சு.”

ஆம். எனது ஆலோசனை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஏற்கப்பட்டுள்ளது. இந்த அச்சகத்தில் எவருடைய ஆலோசனையும் இவ்வளவு முழுமையாக ஏற்கப்பட்டதில்லை.

பின்கட்டில் வெளிச்சம் குறைவு. காற்று பரவாயில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

நிரஞ்சன் ஒரு முக்கியமான பணியை ஒப்படைத்தான்.

“அக்கா, கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பால் காய்ப்பு, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை... எல்லாத்துக்கும் ஒவ்வொரு மாடல் அடிச்சு வச்சிருங்க. ஒங்க ஸ்டைல்லயே. பேரு, தேதி மட்டும் மாத்துற மாதிரி.”

அதாவது எனது சொல்லாட்சி நிலையாகப் பாதுகாக்கப்பட இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏற்றபடி நான் மனத்திலிருந்தே அமைத்த வாசகங்களை இப்போதுதான் முதன்முறையாக முறைப்படுத்துகிறேன். பெண் வீட்டார் வசதி குறைந்தவர்களானால் “இருவீட்டார் அழைப்பு” எனப் போடுவது உள்ளிட்ட நுட்பங்களையும் குறிப்பாகச் சேர்த்து வருகிறேன். மறதியால் ஒன்றும் விடுபட்டுவிடக் கூடாது.

செப்டம்பர் 15, திங்கள்

மாதிரிகளைத் தன் கணினிக்கு எடுத்துச் செல்ல மோனிஷா பென்டிரைவுடன் வந்தாள். அஞ்சலி மாதிரியை உதட்டை அசைத்துப் படித்தாள்.

“ஆன்ட்டி, ‘அன்னாரின்’னா என்ன?”

“இறந்து போனவரோடன்னு அர்த்தம். மரியாதையாச் சொல்றது.”

“‘அவரோட’ன்னு போட்டா ஆகாதா?”

“ஆகாது.”

“செத்தாத்தான் இவ்ளோ மரியாதையா ஆன்ட்டி?”

அவளே சிரித்தாள். கெட்ட பெண் அல்ல. தன் மதிய உணவிலிருந்து உருளைக்கிழங்கு வறுவல் கொடுத்தாள். உப்பு அதிகம்.

செப்டம்பர் 24, புதன்

இளவரசு அச்சகத்திற்கு வந்தார். மோனிஷாவின் கணினிக்கு நினைவகம் போதவில்லையாம். வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அவர் திருகைக் கழற்றி, மூடியை வழுக்கி, புதிய துண்டைக் காலியிடத்தில் வைத்து அழுத்தினார். சடக்கென ஓர் ஒலி. அவ்வளவே.

“எடம் இருக்குல்லண்ணே, இனிமேயும் வேணும்னா மாத்திக்கிட்டே போலாம்” என்றார் இளவரசு.

“எல்லாம் அக்கா ஐடியா” என்றான் நிரஞ்சன்.

“தேங்ஸ் ஆன்ட்டி!” சன்னலோரத்திலிருந்து அவள் கையசைத்தாள்.

எனது பரிந்துரை சரியென நிரூபணமாயிற்று. அதை நேரில் காணும் வாய்ப்பும் கிட்டியது.

எனது கணினியில் இரண்டு கோப்புகளைச் சேர்ந்தாற்போல் திறந்தால் திரை உறைந்து விடுகிறது. நான் முன்னரே எச்சரித்த தன்மைதான் இது. எவரிடமும் முறையிடவில்லை. எச்சரித்தவளே முறையிடுவது அழகன்று.

கைப்பேசியில் இருந்த வடிவமைப்புக் காணொளிகளை நீக்கினேன். இடம் அடைத்துக்கொண்டிருந்தன. இரவு உணவு வேண்டியிருக்கவில்லை. வெயில் கடுமை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை.

மங்கை அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்துத் தீபாராதனை காட்டும்போது, அதில் வேலை செய்பவர் அதன் அருகே நிற்க வேண்டும். மறுநாள் விசயதசமி காலையில் ஆண்டின் முதல் வரியைக் கணினியில் நான் அடிப்பேன். அதை அச்சிட்டுச் சாமி படத்தின் கீழ் ஒட்டுவார்கள்.

இம்முறை அச்சு இயந்திரத்துக்கு வைத்தார்கள். தாள் வெட்டும் இயந்திரத்துக்கு வைத்தார்கள். கோப்பை அச்சிடும் கருவிக்கும், இரசீதுப் புத்தகங்களுக்குக் கம்பி ஊசி அடிக்கும் சிறு கருவிக்கும்கூட வைத்தார்கள். மோனிஷாவின் கணினி சன்னலோரத்தில் புத்தகம் போல் நிமிர்ந்து நின்றது. அதன் வெற்றுப் பக்கவாட்டில் மூன்று கீற்றுச் சந்தனம், நடுவே குங்குமம். அவள் பட்டுப்பாவாடை அணிந்து அருகே நின்றாள். பிறகு அண்ணாச்சியின் மனைவி சூடத்தட்டைக் கையில் எடுத்தார்.

“மதனி” என்றேன்.

“என்ன செண்பகம்?”

“எல்லாத்துக்கும் வச்சாச்சு. எனக்கு வைக்கலையே.” உடனே திருத்திக்கொண்டேன். “என் மிஷினுக்கு.”

“அது பின்னாடில்ல கெடக்கு. எல்லாத்துக்கும் சேத்துத்தானம்மா கும்பிடுதோம். சாமிக்குத் தெரியாதா?”

“ஊசி அடிக்கிற மிஷினுக்குத் தனியா வச்சீங்களே மதனி.”

யாரோ தொண்டையைச் செருமினார். அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு, “வச்சு விடு ஜெயா. கேக்காள்ல” என்றார்.

மதனி சந்தனக் கிண்ணத்துடன் பின்கட்டுக்கு வந்தார். என் மீதிருந்த எரிச்சலாலோ, என் மனம் நோகக் கூடாது என்ற எண்ணத்தாலோ, கை நிறைய அள்ளிப் பெட்டியின் மேற்புறத்தில் இழுத்துப் பூசினார். பன்னீர்ச் செம்பையும் எடுத்துத் தாராளமாகத் தெளித்தார். “போதுமா செண்பகம்? ஒன் மிஷினுக்குத்தான் இன்னிக்கு எல்லாரையும் விடக் கூடுதல்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

என் பெட்டி படுத்தவாக்கில் இருந்தது. துளைகள் அனைத்தும் மேற்புறத்தில். சற்று முன்வரை ஓர் அஞ்சலிச் சுவரொட்டி அடித்துக்கொண்டிருந்தபடியால் அது இயக்கத்திலும் இருந்தது. நீர்த்த சந்தனம் துளை துளையாக உள்ளே இறங்குவதைப் பார்த்தேன். பக்கத்திலேயே ஒரு பழந்துணி கிடந்தது.

கேட்டுப் பெற்ற மரியாதையைப் பாதியில் துடைப்பது முறையன்று. கைகூப்பி நின்றேன்.

அக்டோபர் 2, வியாழன்

விசயதசமி. முதல் வரி அடிக்க அமர்ந்தேன். பொத்தானை அழுத்தினேன். வெளிச்சம் வரவில்லை. பின்னால் அனைவரும் நின்றிருந்தனர்.

“விடுங்கக்கா. நல்ல நேரம் போயிரும். மோனிஷா, நீ அடி” என்றான் நிரஞ்சன்.

அவள் அடித்தாள்.

“நான் அடிச்ச மாடலெல்லாம் உள்ளயே போயிருச்சே” என்றேன்.

“அதெல்லாம் மோனிஷா என்னைக்கோ எடுத்துட்டாக்கா. நீங்க கவலைப்படாதீங்க.”

பிற்பகலில் இளவரசிடம் கொண்டுபோனேன். குங்குமம் ஒட்டியிருந்த பெட்டியை மோந்து பார்த்தார்.

“பன்னீராக்கா?”

“ஆமா.”

“தண்ணி எறங்குனதுக்கு வாரண்டி கெடையாதுக்கா. பூச பண்ணிக் கொண்டாந்தா கம்பெனிக்காரன் என்ன செய்வான், பிரசாதமா குடுப்பான்?”

அக்டோபர் 4, சனி

சம்பள நாள். அண்ணாச்சி என்னை அமரச் சொன்னார். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவருக்கு எதிரே நான் அமர்ந்தது இதுவே முதல் முறை.

“செண்பகம், ஒனக்கும் வயசாவுது. கண்ணாடி வேற போட்டுட்ட.”

“இன்னொரு மிஷின் வாங்கலாமா அண்ணாச்சி? விலை குறைஞ்சதே போதும்.”

அவர் நிரஞ்சனைப் பார்த்தார். நிரஞ்சன் பதில் சொன்னான்.

“ரெண்டாவது ஒன்னு எதுக்குக்கா? நீங்க அடிச்ச மாடல்ல பேர மாத்துனா வேல முடியுது. ஒங்க புண்ணியம். தேவப்பட்டா கூப்பிடுவோம்ல.”

“தீவாளிக்கு வந்துரு தாயி. மதனி சேல எடுத்து வச்சிருக்கா” என்றார் அண்ணாச்சி.

வெளியே வரும்போது மோனிஷா ஓடி வந்து ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். உள்ளே அந்தப் பெட்டி.

“சார் குடுக்கச் சொன்னாரு ஆன்ட்டி. நீங்க யூஸ் பண்ணதுல்ல, ஞாபகமா வச்சுக்கங்கன்னு.”

நன்றி தெரிவித்துப் பெற்றுக்கொண்டேன். துணிப்பையின் மீது அச்சகத்தின் பெயர் இருந்தது. அந்த எழுத்துகளை அமைத்ததும் நானே.

அக்டோபர் 5, ஞாயிறு

துணி துவைத்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

கணவருக்கு இன்று வார ஓய்வு. மதியச் சாப்பாடு முடிந்து கட்டிலில் சாய்ந்தவர் அலமாரியைப் பார்த்தார்.

“அந்தப் பொட்டிய என்ன செய்யப் போற கலெக்டரம்மா? பழைய இரும்புக்காரன் வந்தா கடல மிட்டாய்க்காவது போடலாம்ல?”

நான் எழுந்து திருப்புளியை எடுத்தேன். இனி எந்த உத்தரவாதமும் கெடப்போவதில்லை. வெள்ளி ஒட்டுத்தாளை நகத்தால் கிழித்தேன். அடிப்புறத்தில் நான்கு ரப்பர் கால்கள். அவற்றைப் பெயர்த்தால் நான்கு திருகுகள். சாதாரணத் திருகுகள். மூடி எளிதாகவே கழன்றது.

உள்ளெங்கும் சந்தனம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பழைய பல்துலக்கியால் மெல்லச் சுரண்டினேன். ஓரிடத்தில் பலகை கருகியிருந்தது. அதை எழுப்ப இயலாது என்பது தெரிந்தும் தொடர்ந்து சுரண்டினேன்.

அப்போதுதான் நினைவகம் தெரிந்தது. அது பற்றவைக்கப்பட்டிருக்கவில்லை. செருகப்பட்டிருந்தது. இருபுறக் கொக்கிகளை விலக்கியதும் துள்ளி எழுந்து கையில் வந்தது. அதன் அருகிலேயே இன்னொரு செருகிடம். காலி. சந்தனம்கூடத் தொடாமல் புத்தம் புதிதாக இருந்தது. அதற்கும் அப்பால் கூடுதல் சேமிப்பகத்திற்கான இடம். ஒரு சிறு திருகைக்கூட அங்கே தயாராகப் பொருத்தி வைத்திருந்தார்கள்.

மோனிஷாவின் கணினியில் இருந்த இடங்கள் யாவும் இதிலும் இருந்தன.

கணவர் தலையணையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன இருக்கு உள்ள?”

“எடம் இருக்கு.”

“என்ன எடம்?”

“இன்னொன்னு வைக்க எடம்.”

அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. விரலால் அந்தக் காலியிடத்தைத் தொட்டார்.

“அந்தக் கடைக்காரன் பொய் சொல்லிட்டானோ?”

“இல்ல. அவன் தொறக்கக் கூடாதுன்னு மட்டும்தான் சொன்னான்.”

“பெறகு இதுல ஒன்னும் சேக்க முடியாதுன்னு ஒங்க மொதலாளி மகன்கிட்ட யாரு சொன்னா?”

வெளியே மினி பஸ் ஒன்று ஆரன் அடித்துச் சென்றது. அவர் கேலியாகக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையாகவே தெரியாது.

“நாந்தான்” என்றேன்.

மாலையில் ரேஷனுக்குப் போனேன். பருப்பு வந்திருந்தது.